பலூன் பையன்

"மூக்குல கீறல் இருக்கு. ஐந்நூறு குறைச்சுக்க!"

மேஸ்திரி டிஜிட்டல் போட்டோ ஃபிரேமை மேசைமேல் டக்கென்று வைத்தார்.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். திரையை மறைத்து ஒட்டியிருந்த தாளில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன் மஞ்சள் பலூனோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவன் மூக்கின் குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு.

"அண்ணே, இது கம்பெனிக்காரன் மாதிரிக்கு ஒட்டியிருக்கிற தாள். மாட்டும்போது உரிச்சு எறிஞ்சிடுவோம்."

"எறியற தாளா இருந்தா என்ன? காசு குடுக்கறவன் கண்ணுக்குக் கீறல் கீறல்தான். மண்ணு சுமந்து மேஸ்திரி ஆனவன்மா நான். என் காதுல பூ சுத்தாத!"

"முந்நூறு குறைக்கிறேன். அதுக்கு மேல கட்டாது. யாருக்கு வாங்கறீங்க?"

"எங்கம்மாவுக்கு. ஞாயித்துக்கிழமை எழுபது முடியுது. போன வருஷம் சின்னது வாங்கிப் பார்சல்ல அனுப்பினேனே, மறந்துட்டியா? நீதான் பெட்டிமேல இருந்த நம்பரை என் போன்ல ஏத்தி, இங்கேர்ந்து அனுப்பற படம் அந்த ஃபிரேம்ல தெரியற மாதிரி பண்ணிக் குடுத்த. இந்த வருஷம் பெருசு!"

"எழுபதாவது பிறந்த நாள். நேர்லயே கொண்டு போகலாமே?"

"நீயுமா? வீட்டுல என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்லி உசுரை வாங்கறா. ஞாயித்துக்கிழமை தளம் போடறேன். நாப்பது ஆளு, கலவை மெஷின், எல்லாம் சொல்லியாச்சு. நேர்ல போனா ஒரு நாள் மூஞ்சியைக் காட்டலாம். இது இருந்தா வருஷம் பூரா காட்டலாம். எது லாபம், சொல்லு? இங்க பாரு."

போனை நீட்டினார். முந்நூறுக்கு மேல் படங்கள். மகன் சைக்கிள் ஓட்டுகிறான், மகன் பல் விழுந்த வாயோடு சிரிக்கிறான், மகன் பள்ளிக்கூடப் பையோடு நிற்கிறான். ஒவ்வொன்றின் கீழும் 'அனுப்பியாயிற்று' என்று இருந்தது.

"அண்ணே, இது உங்க போன்லேர்ந்து கிளம்பினதைத்தான் காட்டுது. அங்க ஓடுதான்னு காட்டாது. அம்மாவுக்கு யாரு மாட்டிக் குடுத்தாங்க?"

"மாட்டறதுக்கு என்ன இருக்கு? பிளக்கைச் சொருகினா தானா ஓடும்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். சொருகினாங்களா?"

மேஸ்திரிக்குச் சுர்ரென்று ஏறியது.

"எங்கம்மாவை என்னன்னு நெனச்ச? இரு, அவங்க வாயாலயே கேளு. ஓடுதுன்னு சொல்லிட்டாங்கன்னா ஆயிரம் குறைக்கணும். பேச்சு மாறக்கூடாது!"

"சரி. குறைக்கிறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அம்மா, நான் அனுப்பின போட்டோ ஃபிரேம் எப்படி இருக்கு?"

"அதுக்கென்னடா ராஜா, அம்சமா இருக்கு."

"தினமும் பாக்கறியா?"

"எந்திரிச்சதும் அதுலதான் முழிக்கறேன். தூசி படாம துடைச்சுத் துடைச்சு வைக்கறேன்."

மேஸ்திரி ஒற்றை விரலைத் தூக்கிக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினார். ஆயிரம்!

"நல்ல சாமான்டா," அம்மாவின் குரல் தொடர்ந்தது. "முந்தாநேத்து பூரா கரன்ட் இல்ல. ஃபேன் நின்னுச்சு, டிவி நின்னுச்சு. இது மட்டும் அப்படியே இருந்துச்சு."

"கேட்டியா? அதான் பேரம் பேசி வாங்கின சரக்கு!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இப்ப என்ன படம் தெரியுதுன்னு கேளுங்கண்ணே," என்றாள் மெதுவாக.

"கேட்டாப் போச்சு. அம்மா, இப்ப என்ன படம் தெரியுது?"

"எப்பவும் தெரியறதுதான். பேரன் தொப்பியைப் போட்டுக்கிட்டு, பலூனைப் புடிச்சுக்கிட்டு நிக்கறானே, அதான்."

தூக்கிய விரல் மெல்ல இறங்கியது.

"பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் கூப்பிட்டுக் காட்டிட்டேன், என் பேரன்னு. என்ன, ஜாடைதான் ரொம்ப மாறிப்போச்சு. அவன் தாத்தா மூக்கு அப்படியே வரும்னு நெனச்சேன், வரல. சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு சொல்லல. நான் பாத்தே மூணு வருஷம் ஆச்சு. வளர்ற புள்ளை மாறாதா என்ன?"

மேசைமேல், மூக்கில் கீறலோடு பலூன் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரப் பெண் ஃபிரேமை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, கவிழ்த்து வைத்தாள்.

"ஹலோ... என்னடா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா." மேஸ்திரி போனைக் கையில் எடுத்தார். "ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"தளம் போடறேன்னியே?"

"கிடக்குது தளம்! உன் பேரனைக் கூட்டிக்கிட்டு வர்றேன். மூக்கு யாரு மூக்குன்னு நீயே பாத்துச் சொல்லு."