குதிகாலில் ஒரு மடிப்பு

அக்காவின் இடது காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வெயில் அவள் விரல்களின் மேல் வந்து உட்கார்ந்தது.

"உன் பூச்சிங்க நெய்த ஷூவா? போடு, போடு. என் காலைவிட சாதுவான காலு உனக்கு எங்க கிடைக்கும்?"

பூச்சி அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அவளுக்கு எல்லாம் பூச்சிதான்.

நாங்கள் தோல் வளர்க்கிறோம். மாடு இல்லாமல், ஆடு இல்லாமல்.

அகலமான தட்டுகளில் சர்க்கரை போட்ட தேநீரை ஊற்றி, நுண்ணுயிரிகளை விட்டுவிட்டுக் காத்திருப்போம். பால்மேல் படிவதுபோல மெல்ல ஏடு படியும். தடித்ததும் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவிப் பதமாக்கினால் தோல்.

அந்த அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. தொட்டிலைக் கடப்பதுபோலத் தட்டுகளைக் கடப்போம். தட்டு அசைந்தால் ஏடு மடியும். மடிந்த இடம் காய்ந்ததும் நரம்புபோல இறுகிவிடும்.

நான் அசைத்துவிட்டேன்.

ஏதோ நினைவில் நடந்தபோது இடுப்பால் ஒரு தட்டை இடித்தேன். கண்ணாடிபோல் கிடந்த ஏடு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. யாரும் பார்க்கவில்லை. பிறகு அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, சரியாகிவிட்டது என்று என்னை நானே நம்பவைத்தேன்.

அந்தத் தோலில் தைத்ததுதான் இந்த ஷூ. நாளை இதைப் போட்டு நடந்து பார்க்க ஆட்கள் வருகிறார்கள். கடித்தால் எங்கள் அறையை மூடிவிடுவார்கள். தட்டுகளையெல்லாம் கவிழ்த்துவிடுவார்கள்.

அதனால்தான் அக்காவிடம் கொண்டுவந்தேன். 'கடிக்கல' என்று ஒரே ஒரு குரல் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அவள் சொல்வாள். இப்போதெல்லாம் எந்த ஷூவும் அவளைக் கடிப்பதில்லை.

கயிற்றை இழுத்துக் கட்டினேன். தூங்கும் பூனைபோல அந்தக் கால் மடியில் கனத்தது. வெயில், லேசான புளித்த வாசனை, எங்கோ யாரோ துணி உதறும் சத்தம். எனக்கே கண் சொருகியது.

அக்கா புருவத்தைச் சுருக்கினாள்.

"ஏய், உன் பூச்சிக்குப் பல்லு முளைச்சிருச்சுடி. கடிக்குது."

விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். குதிகாலின் ஓரத்தில் இருந்தது, என் மடிப்பு.

தட்டுகள் கவிழும் சத்தம் காதுக்குள் கேட்டது. சட்டென்று நின்றுபோனது.

மடிப்பை மறுபடி அழுத்தினேன். மறுபடி அவள் புருவம் சுருங்கியது. வாயில் மிச்சமிருந்த சிரிப்போடு என்னைப் பார்த்தாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும்.

விபத்துக்குப் பிறகு ஒருநாள், இதே குதிகாலில் டாக்டர் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "எப்ப சார் குத்தப்போறீங்க?" என்று கேட்டாள்.