மூன்று வார்த்தை

"கடவுள் ஆறு நாள்ல உலகத்தைப் படைச்சார். ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். எட்டாம் நாள் உட்கார்ந்து ரீமேக் எடுக்கலை. படைப்பாளின்னா அப்படி இருக்கணும்," என்றார் வெண்டல் ஹார்க்னஸ்.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தன்னையும் கடவுளையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசி அவருக்குப் பழக்கம்.

"நோவா காலத்துல எல்லாத்தையும் தண்ணியில முக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சாரே, அது என்னவாம்?" என்றார் ஐரீன், சாண்ட்விச்சிலிருந்து வெங்காயத்தை ஒதுக்கியபடி.

"அது ரீமேக் இல்லை. எடிட்டிங்."

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்க்கில் இருக்கும் வெண்டலின் வீட்டுக்கு ஐரீன் வந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. நாற்பத்தோரு வருடங்களுக்கு முன் இருவரும் ஜோடியாக நடித்த ஒரே படத்தை இப்போது மறுபடி எடுக்கிறார்கள். பழைய ஜோடிக்கும் ஆளுக்கொரு சின்ன வேடம். பாலைவனத்துப் பெட்ரோல் பங்க்கில் காப்பி குடிக்கும் கிழவன், கிழவி. திங்கட்கிழமை படப்பிடிப்பு.

"ஒரு நாள் வேலை, வெண்டல். காப்பி குடிக்கணும். வசனம்கூடக் கிடையாது."

"என் சமாதி மேலே உட்கார்ந்து நானே காப்பி குடிக்கணுமா?"

"சமாதிக்குள்ள இருக்கிறவன் தினம் ரெண்டு மைல் நடக்க மாட்டான்."

வெண்டல் மேஜையில் கிடந்த புது ஸ்கிரிப்டை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"இதைப் பாரு. அவ கார்ல ஏறுறா. இவன் 'இரு. நானும் வர்றேன்'ங்கிறான். அடப்பாவிகளா! என் மௌனத்தைத் தூக்கிட்டு மூணு வார்த்தையைச் சொருகிட்டானுங்க!"

"யாரும் சொருகலை. நம்ம பழைய ஸ்கிரிப்ட்லயே இருந்த வசனம்தான். நீதான் சொல்லாம விட்டே."

"விட்டேனா? துறந்தேன்!"

அது சாதாரண மௌனம் அல்ல. கார் கிளம்பும், நாயகன் வாயைத் திறப்பான், மூடுவான், மறுபடி பாதி திறந்தபடி நிற்பான், பின்னால் சூரியன் இறங்கும். அவ்வளவுதான் காட்சி. அதை ஆராய்ந்து பதினோரு பேர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பாதி திறந்த உதடுகளில் அமெரிக்காவின் மொத்தத் தனிமையும் தெரிகிறது என்று பாரிஸில் ஒருவர் எழுதினார். ஒவ்வொரு ஏப்ரலிலும் வெண்டல் திரைப்படக் கல்லூரிக்குப் போய், மௌனத்தின் மேன்மையைப் பற்றி இரண்டு மணி நேரம் இடைவிடாமல் பேசிவிட்டு வருவார்.

"அந்த வசனத்தை ஒரு கிளிகூடச் சொல்லும். சொல்லாம நிக்கிறதுக்குத்தான் கலைஞன் வேணும்," என்றார். ஏப்ரல் மாதப் பேச்சின் முதல் வரி அது.

"சூரியன் இன்னும் பத்து நிமிஷம் நின்னிருந்தா டைரக்டர் இன்னொரு டேக் கேட்டிருப்பார்."

"கேட்டிருந்தாலும் மாட்டேன்னிருப்பேன். ஒரு தடவை நடந்தது நடந்ததுதான். திரும்ப நடிச்சுக் காட்டுறது குரங்கு வேலை."

ஐரீன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன். காப்பி குடிக்கிற வேஷத்தைப் போன்லயே பேசியிருக்கலாம்."

"கேளேன்."

"அன்னைக்குக் காலையில மேக்கப் வண்டியில உன்கிட்ட சொன்னேன். சாண்டா ஃபேயில ஒரு டாக்டர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேங்கிறார், நான் என்ன பண்ணட்டும்னு. நீ பதில் சொல்றதுக்குள்ள உன்னை ஷாட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

"ம்."

"சாயங்காலம் கார்ல உட்கார்ந்து உன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த வசனம் வரும், அது எனக்கும் சேர்த்துத்தான்னு. ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்தும் நீ சொல்லலை. சரி, இதுதான் பதில்னு சாண்டா ஃபேக்குப் போயிட்டேன்."

வெண்டலின் கையில் இருந்த ஸ்கிரிப்ட் மெல்ல மடியில் இறங்கியது.

"அதைப் போய்... நீ பதில்னு எடுத்துக்கிட்டியா?"

"டாக்டர் நல்ல மனுஷன். போன வருஷம் தவறிட்டார். இனிமே கேட்டா யாருக்கும் வலிக்காது. ஏன் சொல்லலை, வெண்டல்?"

வெண்டல் வாயைத் திறந்தார். பதினோரு டாக்டர் பட்டங்களும், பாரிஸ்காரரும், இத்தனை வருடத்து ஏப்ரல்களும் நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. மூடினார். மறுபடி திறந்தார்.

"கலை, ஐரீன். கலைக்காக."

ஐரீன் கைப்பையைத் திறந்து கார் சாவியைத் தேடினார்.

"அப்போ சரி. இன்னொருத்தி இருந்திருந்தா சண்டை போட்டிருப்பேன். கலையோட எப்படிப் போடுறது?" சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "திங்கட்கிழமை நான் மட்டும் காப்பியைக் குடிச்சுட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பிடுறேன். வெங்காயம் வேண்டாம்னு சொன்னா அடுத்த தடவையாவது ஞாபகம் வச்சுக்கோ."

வெண்டல் வாசலில் நின்றார். கார் பின்னால் நகர்ந்து, திரும்பி, தெருமுனையில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு மறைந்தது. அவர் உதடுகள் பாதி திறந்திருந்தன. பாரிஸ்காரர் பார்த்திருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.

பிறகு படியிறங்கினார். கார் நின்ற இடத்தில் ஜகரண்டா பூக்கள் நசுங்கிக் கிடந்தன. வெயில் சாய்ந்திருந்தது. தெருவில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"இரு," என்றார் மெதுவாக. "நானும் வர்றேன்."

திருப்தியில்லை. ஓரடி முன்னால் போய் நின்று, இன்னொரு தடவை சொன்னார்.

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. இந்த நாற்பத்தோரு வருடங்களில், கேமரா ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரே ஒரு நிமிடம் மட்டும்தான் அவருக்கு அந்த மூன்று வார்த்தைகளும் மறந்துபோயிருந்தன.