யார் போட்டுக்கொடுத்தது?

கண்ணாடி அறைக்குள் மேலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தலைமைப் பயிற்சி தர முதலாளி அனுப்பிய அம்மாள், எதிரில் நோட்டை மூடியே வைத்திருக்கிறார். மேலாளர் அந்த மூடிய நோட்டையே பார்க்கிறார். "இங்க பேசறது வெளிய போகாதுங்க. பயிற்சி வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணலாம்." வெட்டப்போகிற ஆட்டிடம் சம்மதம் கேட்கிறார்கள் என்று மேலாளர் நினைத்துக்கொள்கிறார். "என்னைப் பத்தி யாரு போட்டுக்கொடுத்தது?" "யாருமில்ல. 'சார், நீங்க செய்யறது தப்பு'ன்னு உங்க மூஞ்சிக்கு நேரா கடைசியா சொன்னது யாருங்க?" பதிலுக்கு ஒரு ஆளைத் தேடிக் கண்ணாடிக்கு வெளியே திரும்புகிறார். அங்கே ஊழியர்களிடையே அதுவரை கேட்ட சிரிப்பு பட்டென்று நிற்கிறது. பன்னிரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிகின்றன. இதில் போட்டுக்கொடுத்தவன் எவன் என்று அவர் ஒவ்வொரு உச்சந்தலையாகப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் நோட்டுத் திறக்கிற சத்தம் கேட்கிறது.