சிவப்புக் குறி

காவிரிக்கரை நீரேற்று நிலையத்துக்குள் காலை வெயில் சாய்வாக விழுகிறது. மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் புதுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. "வால்வை முழுசாத் திறந்துடுங்கண்ணா," என்கிறார் மின்செலவை ஆராய வந்திருக்கும் பொறியாளர் தனப்பிரியா. பம்பு இயக்குநர் சின்னண்ணன் தயங்குகிறார். முழுக்கத் திறந்தால் குழாய் வெடித்துவிடும் என்று இருபத்திரண்டு வருடமாக அதைப் பாதி மூடியே வைத்திருப்பவர். கைச்சக்கரத்தில் அந்த இடத்தைச் சிவப்புப் பெயிண்டால் குறித்து, ஆயுத பூசைதோறும் அதற்குப் பொட்டு வைப்பவர். சக்கரம் முனகிக்கொண்டே திரும்புகிறது. புதுப் பெட்டி வேகத்தைக் குறைக்க, மோட்டாரின் அலறல் தணிந்து, வெளியே மைனாக்கள் கத்துவது கேட்கிறது. குழாய் வெடிக்கவில்லை. தண்ணீர் அதே அளவு ஏறுகிறது. மின்மீட்டரில் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் எண் மட்டும் இறங்குகிறது. "அப்ப இத்தன வருசமா?" "மூடுன வால்வை முட்டித் தள்ளவே மூணுல ஒரு பங்கு கரண்டு போயிருக்குங்கண்ணா." சின்னண்ணன் சன்னலைப் பார்க்கிறார். ஆற்றுக்கு அப்பால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி புகைந்துகொண்டிருக்கிறது. "அந்தப் பொகையில கொஞ்சம் நம்முளுதுங்களா, அம்மணி?" தனப்பிரியா மீட்டரில் இறங்கிய எண்ணைக் குறித்துக்கொள்கிறார். சின்னண்ணன் தோள் துண்டை எடுத்துச் சிவப்புக் குறியை அழுத்தித் துடைக்கிறார். குங்குமம்தான் துண்டில் ஒட்டுகிறது, பெயிண்ட் போகவில்லை.