இடப்பக்கம் இழுத்த வண்டி

“சிதம்பரத்துல மெக்கானிக்கே இல்லியா சார்?”

“இருக்காங்க. வண்டிதான் கடலூருக்குத்தான் வருவேன்னு அடம் புடிக்குது.”

2005இல் சந்திரலேகாவும் செம்பியனும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தன் பெயரையே போர்டில் எழுதி, தனியாளாக ஒர்க்‌ஷாப் நடத்துபவள் அவள். அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று, அன்றிலிருந்து மூன்று வருடங்களாக இல்லாத கோளாறுகளைச் சொல்லிக்கொண்டு பைக்கில் வந்துகொண்டிருந்தான் செம்பியன். வாய்தான் வரவில்லை.

இந்த முறை நிஜமாகவே கோளாறு. அவன் ஓட்டினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. அவள் ஓட்டினால் நேராகப் போனது. ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்கான கோன் செட்டை மாற்றிப் பார்த்தாள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் வளைவில்லை, டயரில் காற்று சரியாக இருந்தது.

“என் கைக்கு வந்த வண்டி எதுவும் கோளாறோட திரும்புனதில்ல. ஏறி உக்காருங்க.”

அவன் உட்கார்ந்ததும் பின்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டு பேரின் பாரத்துக்கு அமுங்கின. பின்சீட்டில், புடவை கட்டிய பெண் இடப்பக்கமாகக் கால் போட்டு உட்காரும் இடம் மட்டும் குழிந்தது.

“யாரையாச்சும் ஏத்திக்கிட்டுச் சுத்துறீங்களா?”

“சத்தியமா இல்லீங்க. அதுல இதுவரைக்கும் யாருமே உக்காந்ததில்ல.”

சந்திரலேகா புடவைமேல் போட்டிருந்த காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழியில் உட்கார்ந்தாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. ஸ்பிரிங்குகள் நூலளவுகூட மேற்கொண்டு அமுங்கவில்லை.

அவன் ஓட்ட, கெடிலம் ஆற்றுப் பாலம்வரை வண்டி கோடு போட்டதுபோல் நேராகப் போனது.

“பாத்தீங்களா, சரி பண்ணிட்டேன்!” என்றாள் பெருமையாக.

செம்பியன் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினான்.

“சந்திரலேகா, என்னக் கட்டிக்கிறீங்களா?”