உதவியவர் விவரம்

இன்னும் இருபத்தொன்பது சொற்கள் வேண்டும் என்று விண்ணப்பம் சிவப்பில் காட்டியது.

மணி நாலே கால். ஐந்து மணிக்குக் கல்லூரியின் இணையதளம் மூடிவிடும்.

என் மேசையில், என் கணினி முன்னால் மனைவியின் தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் ஸ்டூலில்.

‘தனியாக எப்படிப் படித்தீர்கள்? உதவியவர்கள் யார்? இருநூற்றைம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதவும்.’

மார்க் எல்லாரிடமும் இருக்கிறது. இதைப் படித்துப் பார்த்துத்தான் சீட்டு.

அவள் பள்ளியில் இரண்டு வருடமாக இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை. நின்றுவிட்டாள். தனித்தேர்வராகப் பதிந்து, வீட்டிலிருந்தே படித்து, மேல்நிலைத் தேர்வு எழுதினாள். இயற்பியலில் மூன்று மார்க்தான் போனது.

எழுதியிருந்ததைப் படித்தேன். கதவில் அட்டவணை ஒட்டியது. நூலகத்தில் பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்தது. ஒரே கணக்கை நாலு விதமாகப் போட்டுப் பார்த்தது.

எல்லாம் உண்மை. என் மனைவி மட்டும் அதில் இல்லை.

ஒன்றே கால் வருடம் அவளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தது என் மனைவி. போனில். துணி காயப்போட்டுக்கொண்டே ஒளிவிலகல், பாத்திரம் தேய்த்துக்கொண்டே மின்புலம். சந்தேகத்தை ஆறப்போடக் கூடாது, வந்த நிமிடமே கூப்பிட வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம்.

ஒருமுறை தியேட்டரில் பாதிப் படத்தில் போனோடு வெளியே போனவள், விளக்குப் போட்ட பிறகுதான் திரும்பி வந்தாள்.

“வில்லன் செத்துட்டானா?”

“சாகடிச்சு, அழுது, எல்லாரும் வீட்டுக்கே போயாச்சு” என்றேன்.

“சரி விடு. வாலுக்கு லென்ஸ் சூத்திரம் புரிஞ்சிடுச்சு.”

தங்கையை அவள் வாலு என்றுதான் கூப்பிடுவாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், என் மனைவி வேலை முடிந்து ரோட்டைக் கடக்கும்போது ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே நடந்தாள். லாரிக்காரர் ஹாரன் அடித்தாராம்.

அந்த ஆபீஸ் விளங்குமா என்று மாமியார் இன்றைக்கும் திட்டுகிறார்.

மீதியிருந்த நாலு பாடத்தை வாலு யாரிடமும் கேட்காமல் படித்தாள்.

“அக்காவப் பத்தி எழுதேன். போன்ல சொல்லிக்குடுத்தத. இருபத்தொம்பது வார்த்தைதானே” என்றேன்.

“வேணாம் மாமா.”

“அக்காதானே சொல்லிக்குடுத்தா? ஒரு வரிகூட இல்லையே.”

அவள் கைகள் விசைப்பலகையிலிருந்து இறங்கி மடிக்குப் போயின.

“இந்தக் காலேஜ் வேணாம் மாமா. மூடிடுங்க.”

வேறு காலேஜ் இல்லை. மற்ற இடங்களில் எல்லாம் தேதி முடிந்துவிட்டது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் எழுந்துவிட்டாள்.

மணி நாலு நாற்பத்தாறு.

ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு நானே தட்டினேன்.

‘சந்தேகம் வந்தால் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். மறுநாள் காலையில் புத்தகத்தை மறுபடி திறந்து அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிப்பேன். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். சந்தேகம் கேட்க யாரையும் போனில் கூப்பிட்டதில்லை. என் சந்தேகத்தால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை.’

சிவப்பு போய்விட்டது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். கடைசி இரண்டு வரிகளை ரொம்ப நேரம் படித்தாள்.

“மாமா...”

“எழுத்துப்பிழை இருக்கா பாரு” என்றேன். திரும்பவில்லை.

அவளுக்குக் கை வரவில்லை. நானே அனுப்பினேன்.

போலீஸ் திருப்பித் தந்த என் மனைவியின் போனை அன்றைக்கே திறந்து பார்த்திருந்தேன். கடைசி அழைப்பு, நாலு நிமிடம், வாலு.

ஆபீஸ் என்று எல்லாரிடமும் சொன்னது நான்தான்.