ஒத்துப்போகாத கையெழுத்து

"கையெழுத்து ஒத்துப்போவலை மேடம். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க."

பேங்கின் மூன்றாம் நம்பர் கவுண்டரில் இருந்த தமிழழகன் ஃபாரத்தைக் கண்ணாடிக்கு அடியில் வெளியே தள்ளினான். அந்தப் பெண் அதை அப்படியே உள்ளே தள்ளினாள்.

"மொத வாரம் பாப்பாவை நேர்ல கூட்டிட்டு வரணும்னீங்க. போன வாரம் பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் தெளிவா இல்லேன்னீங்க. இப்ப கையெழுத்தா, சார்?"

அந்த 'சார்', சோற்றில் கிடந்த கல்லைக் கடித்துத் துப்பியது மாதிரி வந்து விழுந்தது.

வரிசையில் அடுத்து நின்ற நடராசனுக்குப் பென்ஷன் பாஸ்புக்கில் வரவு போட வேண்டிய வேலை மட்டும்தான். ஆனால் மனுஷர் முப்பது வருஷம் பஸ்ஸில் செக்கராக இருந்தவர். எங்கே அநியாயம் ஓடினாலும் கைகாட்டி நிறுத்தி, ஏறிச் சோதித்துவிட்டுத்தான் இறங்குவார்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார், யாரும் கேட்காமலேயே.

பூங்குழலி என்று பெயர் சொன்னாள். மகள் பேரில் செல்வமகள் கணக்கு. எட்டு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட பணம், பாப்பாவின் காலேஜுக்கு இருக்கும் ஒரே ஆதாரம். வட்டிக்கு வரி கிடையாது; நினைத்தபோது முடித்து எடுக்கவும் முடியாது. இந்தப் பெரம்பலூர் கிளையிலிருந்து அரியலூர் போஸ்ட் ஆபீசுக்கு அப்படியே மாற்றிக் கொடுத்தால் போதும்.

அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறதாம். இன்னொரு வெள்ளிக்கிழமை லீவு கேட்டால் ஒரேயடியாக வூட்டிலேயே இருந்துக்கம்மா என்று சொல்லிவிட்டார்களாம்.

நடராசன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். மாத்திக் கொடுக்கறதுல உனக்கென்னப்பா நஷ்டம், உன் வூட்டுச் சொத்தா போவுது என்று விசாரித்தார்.

தமிழழகன் நிமிரவில்லை. "எட்டு வருஷமா இங்கதான சார் இருக்கு? இங்க என்ன குறைன்னு கேளுங்க."

"கேக்க வேணாம். அவருக்கே தெரியும்," என்றாள் பூங்குழலி.

வங்கியின் சேவை மனப்பான்மையை நடராசன் சுற்றிலும் பார்த்து ரசித்தார். ஏசி இருந்தது; இருக்க மட்டும் செய்தது. வாடிக்கையாளரே எங்கள் எஜமானர் என்ற பலகைக்குக் கீழே எஜமானர்கள் பதினோரு பேர் வேர்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற நாளில் ஊர்ப் பஞ்சாயத்து அத்தனைக்கும் தீர்ப்புச் சொல்லும் பக்கத்துக் கவுண்டர் செங்கமலம், இன்றைக்குக் காதே கேட்காதவள் மாதிரி கம்ப்யூட்டரை வெறித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கூட்டுக் களவாணிகள் என்று தீர்மானித்தார் நடராசன். பச்சைப்புள்ளையை நேரில் கொண்டுவந்து நிறுத்தணும் என்று எந்த விதியில் இருக்கிறது, எடுத்துக் காட்டு என்றார். தமிழழகன் ஃபாரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரி, மேனேஜர் ரூமுக்கே போவோம் வாம்மா என்று கிளம்பியவரை, பூங்குழலிதான் பதறித் தடுத்தாள்.

"வேணாங்கய்யா. சத்தமில்லாம முடிஞ்சாப் போதும்."

கையெழுத்து மாறியிருந்தால், கிளைக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதாதா என்று அடுத்த கிடுக்கிப்பிடி போட்டார் நடராசன். போதும்தான் என்று முனகினான் தமிழழகன்.

"ஆனா இவங்களை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"பத்து நிமிஷமா. உன்னை மூணு வருஷமாத் தெரியும். அதனால இவங்களை நம்பறதுல எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

வரிசை சிரித்தது. அபராத ரசீதுகளில் போட்டுப் பழகிய கையெழுத்தை, நடராசன் வாலெல்லாம் வைத்து நீட்டிப் போட்டார்.

இனி சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தமிழழகன் மாற்றல் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தான். பாப்பாவின் முழுப்பெயர், பிறந்த தேதி எதற்கும் பாஸ்புக்கைப் புரட்டக்கூட இல்லை. என்ன அலட்சியம், தப்பாப் போனா மறுபடி இந்தப் பொண்ணுதானே அலையணும் என்று நடராசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூங்குழலி வாங்கிச் சரிபார்த்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

சீல் விழுந்தது. காசோலையும் காகிதங்களும் திங்கட்கிழமை அரியலூருக்குப் போய்விடும் என்று படிவத்தைப் பார்த்தே சொன்னான்.

பூங்குழலி நடராசனை மட்டும் கும்பிட்டுவிட்டு, அரியலூர் பஸ்ஸைப் பிடிக்க நடையைக் கட்டினாள். மூன்றாம் நம்பர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நடராசன் ஜெயித்த களிப்பில் பாஸ்புக்கை நீட்டினார். நீட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாலு வார்த்தை புத்தி சொல்லாமல் இறங்கி அவருக்குப் பழக்கமில்லை.

"ஒரு பொம்பளையை மூணு வாரம் அலைய வுட்டுட்டியே தம்பி. உன் பொண்டாட்டி இப்புடி ஒரு கவுண்டர்ல நின்னு மல்லுக்கட்டினா உனக்கு எப்புடி இருக்கும்?"

தமிழழகன் வாசலைப் பார்த்தபடியே பாஸ்புக்கை வாங்கினான்.

"இப்பத்தான் சார் நின்னுட்டுப் போறா."